போசிக்கு அடியில் பன்னிரண்டு வார்த்தை

கிர்ர்... கிர்ர்... கிர்ர்ர்...

மல்லசமுத்திரத்தில் இருட்டிய பிறகு சத்தம் போடுவது நாயும் போர்வெல் வண்டியும்தான். இது இரண்டுமில்லை. சமையலறைக்குப் பின்னால், துவைக்கிற கல்லின் மேல், கந்தவேல் மூடியும் கைப்பிடியும் உள்ள ஒரு எவர்சில்வர் தூக்குப்போசியைக் கவிழ்த்துப் போட்டு, பாத்திரக்கடையில் இரவல் வாங்கிய பேர் வெட்டும் மிஷினால் அதன் அடியைக் கீறிக்கொண்டிருந்தான். சத்தம் போட்டவனும் அவன்தான். அதைக் கேட்டு நடுங்கியவனும் அவன்தான்.

"என்னங்க சத்தம்?" உள்ளேயிருந்து மனைவி பிரீத்தி கேட்டாள்.

"பேரு வெட்டறேன் அம்மணி. போசி தொலைஞ்சு போயிருமில்ல."

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவன் எந்தப் போசிக்கும் கவலைப்பட்டதில்லை. பிரீத்தி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கந்தவேல் பயந்திருக்க வேண்டியது அதற்குத்தான்.

அவன் வெட்டியது பேர் அல்ல. பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தை. மகள் யுவஸ்ரீயின் பள்ளிக்கூட ஃபீஸுக்குப் பிரீத்தி கொடுத்த நாற்பதாயிரத்தைப் பேங்கில் போட்டதாகச் சொல்லிவிட்டு, செல்போனில் கிரிப்டோ வாங்கியிருந்தான். அது வளர்ந்து ஒரு லட்சத்து அறுபதாயிரமாகி நின்றது. அந்தச் சந்தோஷத்தை முட்டை மண்டியில் உடன் வேலை செய்யும் யோகேஷ் ஒரே டீயில் கெடுத்தான். லாபத்தில் நூற்றுக்கு முப்பது வரியாம். விற்றாலே நூற்றுக்கு ஒன்று அங்கேயே பிடித்துக்கொள்வார்களாம்.

"இன்னொரு காயின்ல எனக்கு எட்டாயிரம் போச்சே. அதைக் கழிச்சுக்குவாங்கல்ல?"

"மாட்டாங்க."

"ரெண்டு ஆடு வித்து, ஒண்ணுல லாபம் ஒண்ணுல நட்டம்னா கழிக்கறதில்லையா?"

"அது ஆடு. இது காயின்."

"சரி, இதைக் காசுன்னு ஒத்துக்கறாங்களா?"

"அதுவும் இல்ல. சொத்துன்னு சொல்லி வரி மட்டும் போடறாங்க."

பொண்ணு வேண்டாம், சீர் மட்டும் போதும் என்பது போல இருக்கிறதே என்று கந்தவேல் தலையைச் சொறிந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று காயினையெல்லாம் தன் சொந்தப் பெட்டிக்கு மாற்றினான். பெட்டி என்றால் போனுக்குள்ளே இருப்பது. அதற்குச் சாவி பன்னிரண்டு வார்த்தை, அதைப் போட்டால்தான் திறக்கும். தொலைந்தால் காசும் போச்சு. காகிதத்தில் எழுதினால் கரையான் தின்னும். பீரோவில் வைத்தால் பிரீத்தி பார்ப்பாள். போசிக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்?

போசி வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிற சாமானா என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை மண்டியிலிருந்து வந்தால் போசியைக் காணோம். கொள்ளுப்பருப்பு ஊற்றிப் பக்கத்து வீட்டுக் கோகிலவாணிக்குக் கொடுத்துவிட்டதாகப் பிரீத்தி சொன்னாள். கோகிலவாணிக்குத் திருச்செங்கோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை.

"போயி வாங்கிட்டு வா அம்மணி."

"வெறும் போசியக் கேட்டு வாங்குவாங்களாங்க? அந்தக்கா எதாச்சும் செஞ்சா போட்டுக் குடுக்கும். வெறும் போசி திருப்பற வழக்கம் எந்த ஊட்டுல இருக்குது?"

ஃபீஸ் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஆக, அதற்குள் கோகிலவாணி எதையாவது சமைத்தாக வேண்டும். கந்தவேல் மதில் ஓரமாக நின்று மூக்கை நீட்டினான். செவ்வாய்க்கிழமை அவளுக்கு விரதம். புதன்கிழமை பரோட்டா பார்சல். அன்றைக்கே அவன் மண்டியிலிருந்து ஓர் அட்டை முட்டை கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் நன்றி சொல்லி ஃபிரிட்ஜில் அடுக்கினாள். வியாழக்கிழமை மானத்தை விட்டு வாசலில் போய் நின்றான்.

"எந்தப் போசிங்ணா?" என்றாள் கோகிலவாணி. "எங்க ஊட்டுல நாலஞ்சு கெடக்குதுங்க. அடியில என்ன பேரு வெட்டியிருக்குது, சொல்லுங்க, எடுத்தாறேன்."

ஒன்றுமில்லை அம்மணி என்று கந்தவேல் திரும்பி வந்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போசி வந்தது, நிறையக் கச்சாயப் பலகாரத்தோடு. கச்சாயத்தைத் தட்டில் கொட்டிவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தான். அடிப்பாகம் கண்ணாடி மாதிரி மின்னியது. ஓர் எழுத்துகூட இல்லை. யாரோ பாலீஷ் போட்டிருந்தார்கள்.

அப்படியே தரையில் உட்கார்ந்தான். நாற்பதாயிரம், பேங்க் பொய், வரி, பன்னிரண்டு வார்த்தை என்று எல்லாவற்றையும் கொட்டினான். பாப்பாவுக்கு ஃபீஸ் கட்ட இனி வழியில்லை என்று தலையில் கைவைத்துக்கொண்டான்.

பிரீத்தி ஒரு கச்சாயத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"தெரியுமுங்க. கோகிலாக்காகிட்டப் போசியக் குடுத்தது கொள்ளுக்கா? அடியில இருக்கறது என்னன்னு கேக்கத்தான். பாப்பா கார்ட்டூன் பாக்கறேன்னு தெனமும் வாங்குச்சே உங்க போனு, அதுலயே, உங்க பேர்லயே வித்தாச்சு. ஒண்ணு அங்கயே புடிச்சுட்டாங்க. முப்பதுக்கு எடுத்து வெச்சாச்சு. ஃபீஸு காலைலயே கட்டியாச்சு. மிச்சம் பாப்பா பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல."

கந்தவேலுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அரசாங்கத்துக்குப் பங்கு வந்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது, பாப்பாவுக்கும் வந்துவிட்டது.

"அப்ப, எனக்குப் போன எட்டாயிரம்?"

"அதைத்தான் யாரும் கழிக்க மாட்டாங்களாமே."

எப்படியோ தலை தப்பியது என்று எழுந்து படுக்கப் போனான். கதவருகில் பிரீத்தி பாயையும் தலையணையையும் அவன் கையில் கொடுத்தாள்.

"வரிக்கு எடுத்து வெச்சாச்சுங்க. பொய் சொன்னதுக்கு அபராதம் தனி."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.