முழி மாஸ்டர் கண்ணை மூடிய நாள்

ராஜபாளையத்தில் ஒரு எறும்பை முறைத்தே திருப்பி அனுப்பக்கூடிய மனுஷர் ஒருவர்தான் இருந்தார். ரிட்டயரான பி.டி. வாத்தியார். ஊருக்கு அவர் முழி மாஸ்டர்.

எதைத் தொடுவதானாலும் முதலில் அதை உற்றுப் பார்ப்பார். டீ கிளாஸின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பார், டீ ஆறிப்போகும்.

"குடியும் மாஸ்டர், அது எங்கயும் ஓடாது" என்பார் கடைக்கார பாய்.

"பார்வை நிக்காம கை போனா சிந்தும் பாய்" என்பார் இவர். பொறவு சட்டையில் சிந்திக்கொள்வார்.

இவரிடம்தான் என் மகள் செல்வி பாஸ்கெட்பால் பழகினாள். மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்து நேரே கிரவுண்டுக்குப் போய், தூணில் சாய்ந்து தூங்கி வழிவேன். விளையாட்டுக் கோட்டாவில் அவளுக்கு ஒரு காலேஜ் இடம். அதற்கு மேல் சாமியிடம் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஒரு நாள் மாஸ்டர் என்னை உலுக்கி எழுப்பினார்.

"ஏய்யா, ஒம்ம மக பந்தை எறியுறப்போ கண்ண மூடுதா. யாரு சொல்லிக் குடுத்தா?"

"நாந்தான் மாஸ்டர். ஆண்டாளை நெனச்சுக்கிட்டு எறின்னு சொன்னேன்."

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல அம்புட்டு நேரம் வரிசைல நிக்கீரு. சன்னதி வந்ததும் என்ன செய்யுதீரு?"

"கண்ண மூடிக் கும்பிடுவேன்."

"அப்ப யாரைப் பாக்கப் போனீரு?"

தூக்கமே போய்விட்டது எனக்கு.

அன்றிலிருந்து செல்விக்கு ஒரே பாடம். வளையத்தின் முன்விளிம்பில் பார்வையை நிறுத்து, மனசுக்குள் 'ஆண்டாள் தாயே' சொல்லி முடி, பொறவு எறி. வீட்டில் சாம்பார்க் கரண்டியையும் அப்படித்தான் பார்த்தாள். நான் தட்டோடு உட்கார்ந்திருப்பேன். "செத்த இருங்கப்பா, இன்னும் பார்வை நிக்கல."

காலேஜ்காரர்கள் ஆள் எடுக்க வந்த மேட்ச் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. கடைசி நிமிஷம், ஸ்கோர் சமம், செல்விக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. விழுந்தால் காலேஜ், விழாவிட்டால் வீடு. சுற்றி ஒரே கூச்சல். அவள் வளையத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும் மாஸ்டருக்குப் பயந்து கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன், தண்ணீர் வழிய வழிய.

வலை ஆடியது. சந்தோஷத்தில் மாஸ்டர் பக்கம் திரும்பினேன். மனுஷர் கைகூப்பி, இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு நின்றார்.

"விழுந்துச்சா?" என்றார், திறக்காமலே.

"விழுந்துட்டு மாஸ்டர். நீங்க பாக்கலியா?"

"பயமா இருந்துச்சுய்யா."

செல்வி இப்போது மதுரையில் படிக்கிறாள். மாஸ்டர் போன மார்கழியில் சாமியிடம் போய்ச் சேர்ந்தார். நான் சன்னதியில் கண்ணை மூடுவதில்லை. பின்னால் தள்ளுகிறவர்கள் தள்ளட்டும், அவர் பங்குக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.