முதல் தேதிக்குள் ஒரு துப்பாக்கி

ஹெய்மோ துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, கடையின் மறுகோடியில் தொங்கிய ரப்பர் பூட்ஸ் ஒன்றை முயலாகப் பாவித்துக் குறிபார்த்தபோது, முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

வந்தது கடை மூலைக் காப்பி மேசையிலிருந்து. விட்டவர் என்சியோ. காட்டில் மரங்களை அளந்து அளந்தே ஓய்வு பெற்றவர்; வாயைத் திறந்து பேசி ஹெய்மோ பார்த்ததில்லை. காலடியில் அவருடைய வேட்டை நாய் சூலோ, ஒரு மூட்டை உருளைக்கிழங்கு போலக் கிடந்தது.

"ஏன், சரியில்லையா?" என்றான் ஹெய்மோ.

"சரியில்லைன்னு யாரு சொன்னா?" என்றார் அதே மேசையில் இருந்த ஆர்வி. முப்பது வருஷம் பனி வாரும் லாரி ஓட்டியவர். "நல்ல இரட்டைக் குழல். மூணே கால் கிலோ இருக்கும். காலைல தூக்கறதுக்கு ஒண்ணும் தெரியாது."

"மத்தியானம்?"

"மத்தியானம் ஏழு கிலோ ஆயிரும் மாப்ளே. சாயங்காலம் உன் பொண்டாட்டி ரைலிதான் வந்து உன்னையும் சேத்துத் தூக்கணும்."

ஹெய்மோ துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டான். கடைக்காரம்மா லெம்பி அவனுக்கும் ஒரு கோப்பை காப்பி ஊற்றினார். ஹல்லாவாரா கிராமத்தில் அவன் குடித்த முதல் வெளிக்காப்பி அது.

பிப்ரவரி மாதம். தெற்கே கடற்கரையில் கப்பல் கட்டும் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இரும்பைப் பற்றவைத்துவிட்டு, ஓய்வு பெற்று, படகை விற்று, மனைவியின் சொந்த ஊருக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஊர் அவனை மரியாதையாகவே நடத்தியது. எதிரில் வந்தால் தலையசைக்கும். அதற்குமேல் கிடையாது.

"ஏழு மாசத்துல உன்கிட்ட நின்னு பேசின ஒரே ஆளு பல் டாக்டரு," என்று மனைவி ரைலி போன வாரம்தான் கணக்கெடுத்துச் சொல்லியிருந்தாள். "அதுவும் உன் வாய் தொறந்திருந்ததால, நீ பதில் சொல்ல முடியல."

ரைலி வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். அவள் வேலைக்குப் போனதும் ஹெய்மோ ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகும் கார்களுக்குத் துணையாக இருப்பான். அவள் திரும்பி வரும்போதும் அங்கேயே இருப்பான். அவள்தான் வழி சொன்னாள்.

"இந்த ஊர்ல ஆம்பளைங்க பேசறது முயல் வேட்டைல மட்டும்தான். படகு வித்த காசுல நானூறு யூரோ எடுத்துக்கோ. மலிவா ஒரு துப்பாக்கி வாங்கு. யாராவது கூப்பிடுவாங்க."

கூப்பிட்டார்கள்தான். மார்ச் மாதம் மூன்றாவது வாரம், நாலாவது கோப்பைக் காப்பியில், ஆர்வி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "செப்டம்பர் ஒண்ணு. காலைல ஆறு மணி. சதுப்பு ரோடு முடியற எடம். நாங்க வருசா வருசம் போவோம். வேற வேலை இல்லைன்னா வா."

அந்த ஊர் மொழியில் இது கிட்டத்தட்ட கட்டித் தழுவுவதற்குச் சமம். ஹெய்மோ வீட்டுக்குப் போய் நாள்காட்டியில் முதல் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டான். பிறகு அந்த வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம்.

அதற்குள் துப்பாக்கி வேண்டும். அவ்வளவுதானே.

ஏப்ரலில் வேட்டைப் பரீட்சை எழுதி, அறுபது கேள்விக்கு அறுபதும் சரியாக எழுதினான். முயலுக்கு எத்தனை பல் என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கினான். அடுத்து, இருபத்தெட்டு பல்லையும் ஓட ஓட நிறுத்தக்கூடிய துப்பாக்கி.

கனம் கூடாது என்று ஒற்றைக் குழலைத் தேர்ந்தெடுத்தான். நூற்றைம்பது யூரோ. இறகுபோல் லேசு.

"லேசுதான்," என்று ஒப்புக்கொண்டார் கலேர்வோ. சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர்; விரல்கள் சும்மா இருக்காது, மேசை விளிம்பில் ஏதாவது ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். "லேசான துப்பாக்கி உதைக்குற உதை இருக்கே, சுட்டவன் ஒரு பக்கம் விழுவான், தொப்பி ஒரு பக்கம் விழும். முயல் நடுவுல நின்னு ரெண்டையும் பாக்கும்."

"போதாததுக்கு ஒரே தோட்டா," என்றார் ஆர்வி. "தப்பிச்சுன்னா? மன்னிப்பா கேப்ப?"

என்சியோ பெருமூச்சு விட்டார். ஹெய்மோ ஒற்றைக் குழலை விட்டுவிட்டான்.

அடுத்து, கீழே இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் துப்பாக்கி. ஐந்து தோட்டா, முந்நூறு யூரோ. அறுபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய், காவல் நிலையத்தில் அதற்கென்று விண்ணப்பம் கொடுத்து அனுமதியும் வாங்கிவந்து, பெருமையோடு ஒருமுறை இழுத்துத் தள்ளிக் காட்டினான். கறக்-கறக்.

கலேர்வோவின் விரல்கள் நின்றன. "இன்னொரு தடவ."

கறக்-கறக்.

"இந்தச் சத்தம் கேட்டா நம்ம முயலெல்லாம் ஸ்வீடனுக்குப் போயிரும்," என்றார் கலேர்வோ வருத்தமாக.

பிறகு ஒரு பழைய பெல்ஜியம் துப்பாக்கி. அழகு. கனமும் இல்லை, சத்தமும் இல்லை. ஹெய்மோ அதைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"பழைய குழல். எஃகு ரவை போட்டா பிளந்துரும்," என்றார் ஆர்வி. "ஈய ரவைதான் போடணும். சதுப்பு நெலத்துல ஈயம் கூடாதுன்னு சட்டம்."

"சதுப்பு இல்லாத இடத்துல சுடறேன்."

"எங்க? ஊர்ல சதுப்பு இல்லாத ஒரே எடம் சர்ச்சு."

"சர்ச்சுக்குப் பின்னாடி கொஞ்சம் இருக்கு," என்றார் கலேர்வோ.

இவர்களெல்லாம் எந்தத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அதையே வாங்கிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஹெய்மோவுக்கும் தினமும் தோன்றியது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒருவனிடம் வீட்டில் என்ன துப்பாக்கி இருக்கிறது என்று கேட்பதும், வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதும் ஒன்று. எத்தனை வருஷம் பழகினாலும் கேட்கமாட்டார்கள். வந்தேறி கேட்டால் அன்றோடு காப்பி நின்றுவிடும்.

எனவே அவன் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். அதில்தான் வினை வந்தது. குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் துப்பாக்கி என்பது ஆர்வியின் கட்சி. ஒன்றின்மேல் ஒன்று இருப்பதுதான் துப்பாக்கி என்பது கலேர்வோவின் கட்சி. ஜூன் மாதம் ஹெய்மோ ஆர்வியின் பேச்சைக் கேட்டு, பம்ப் அனுமதியைத் திருப்பிக் கொடுத்து, பக்கத்துப் பக்கத்துக் குழலுக்கு விண்ணப்பித்தான். அனுமதிப் பிரிவில் இருந்த பெண் அவனைக் கண்டதும் கையெழுத்துப் பேனாவை எடுத்து வைத்தாள்.

"இந்த மாசம் எதுங்க?"

மறுநாள் கலேர்வோ மேசைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும். ஹெய்மோ ஒரு இலவங்கப்பட்டை பன்னை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான்.

"எனக்கென்னப்பா," என்றார் கலேர்வோ, பன்னைப் பார்க்காமல். "நீ லாரி ஓட்டினவன் பேச்சக் கேளு. நான் வெறும் ஆர்கன் வாசிக்கறவன்."

ஹெய்மோவுக்கு மனசு தாளவில்லை. மேலும் கீழுமாக இருப்பதையே வாங்குகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். ஜூலையில் திரும்பவும் பஸ், திரும்பவும் பேனா. கலேர்வோ மேசைக்குத் திரும்பிவந்தார். ஆர்வி தன் கோப்பையை எடுத்துக்கொண்டு, தூண்டில் முள் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தனியாக உட்கார்ந்தார். என்சியோ நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெருமூச்சு விட்டார். நாய்க்கு மட்டும் லாபம். இரண்டு இடத்தில் ரொட்டி கிடைத்தது.

"என் மேசைய ரெண்டாக்கிட்ட," என்றார் லெம்பி, கோபமில்லாமல். "என் புருசன் செத்தப்பகூட இவனுங்க தனித்தனியா உக்காரல."

ஹெய்மோவுக்குத் தூக்கம் போயிற்று. ஊரில் அவனுக்கு இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதன் காலைத் தானே அறுத்துக்கொண்டிருந்தான்.

குறைந்தபட்சம் குறியாவது பிசகாமல் இருக்கட்டும் என்று வீட்டில் பயிற்சி எடுத்தான். தரை துடைக்கும் கட்டையைத் தோளில் வைத்து, தொலைக்காட்சியில் வானிலை வாசிப்பவரை இடமிருந்து வலமாகத் தொடர்ந்தான். அவர் வடக்கு எல்லைக்கு நகர்ந்தபோது கட்டையும் நகர்ந்தது. கூடத்து விளக்கு, ரைலியின் அத்தை கல்யாணத்துக்குக் கொடுத்தது, நொறுங்கித் தரையில் கொட்டியது.

ரைலி துடைப்பத்தோடு வந்தாள். கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"பட்டுச்சா?"

"விளக்கு மேலயா?"

"முயல் மேல."

"ரைலி, பேசாம விட்டுரலாமா? எனக்கு வேட்டையெல்லாம் சரிப்படாது. சண்டைதான் மிச்சம்."

அவள் துடைப்பத்தை அவன் கையில் கொடுத்தாள். "ஹெய்மோ, ஜனவரி வரைக்கும் நீ சாப்பாட்டு மேசைல 'உப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவ. இப்ப ஆர்வி இப்படிச் சொன்னான், கலேர்வோ அப்படிச் சொன்னான்னு ராத்திரி பத்து மணி வரைக்கும் என் உயிர எடுக்கற. விளக்கு போனா போகுது. முதல் தேதி நீ அங்க இருக்கணும்."

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி ஆர்விக்குக் கண் மருத்துவமனை, கலேர்வோவுக்குச் சர்ச்சில் ஒரு சாவுக்கு ஆர்கன் வாசிப்பு, என்சியோவின் நாய்க்கு நகம் வெட்டு. மேசை காலி. ஹெய்மோ திருடனைப் போலக் கடைக்குள் நுழைந்தான். பிப்ரவரியில் முதலில் தூக்கிய அதே கனமான, பக்கத்துப் பக்கத்து இரட்டைக் குழலைச் சுவரிலிருந்து எடுத்தான். அதற்குரிய ஜூன் மாதத்து அனுமதியை அவன் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை; இன்னும் செல்லுபடியாகும்.

"இதுதான்," என்றான். "போதும்."

லெம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நிஜமாவா?"

"ஏன், கனமா?"

"அதில்ல." விற்பனைப் படிவத்தைத் தேடி இரண்டு இழுப்பறைகளைக் குடைந்தார். "வெளியூர்க்காரங்க வருவாங்க, வாங்குவாங்க, போயிருவாங்க. அந்த மேசைலேர்ந்து ஒருத்தன் எழுந்து வந்து…" என்று நிறுத்தி, அவனுக்கு ஒரு காப்பி ஊற்றினார். அதற்குக் காசும் வாங்கவில்லை.

ஏழு மாதம் இழுத்தடித்ததைத்தான் கிண்டல் செய்கிறார் என்று ஹெய்மோ நினைத்துக்கொண்டான்.

முதல் தேதி விடிந்தபோது சதுப்பின்மேல் பால் ஊற்றினாற்போல மூடுபனி. ஹெய்மோ ஐந்தரைக்கே வந்து, உறையிலிட்ட துப்பாக்கியோடு நின்றான். யாரும் வரமாட்டார்கள் என்று ஒரு மனசு சொன்னது. ஆர்வி வந்தால் கலேர்வோ வரமாட்டார், கலேர்வோ வந்தால் ஆர்வி வரமாட்டார், இருவரும் வந்தால் இவனை விரட்டிவிடுவார்கள் என்று இன்னொரு மனசு சொன்னது.

ஆறு மணிக்கு ஒரே காரில் மூவரும் வந்து இறங்கினார்கள்.

"ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?" என்றான் ஹெய்மோ, நம்பாமல்.

"அது மேசைச் சண்டை," என்றார் ஆர்வி. "இது காடு."

அவர் முதுகில் புகை படிந்து கறுத்த காப்பிக் கெண்டி. கலேர்வோவின் தோளில் நீளமான ஒரு பை. என்சியோ முதுகுப்பையும் நாயுமாக வந்தார். அரை மணி நேரம் நடந்து, ஒரு மேட்டில் கரியேறிய கற்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹெய்மோவின் தோள் இற்றுவிழுந்தது. துப்பாக்கி உண்மையிலேயே ஏழு கிலோ ஆகியிருந்தது. ஆனால் அவன் மூச்சு விடவில்லை.

ஆர்வி தீ மூட்டினார். கலேர்வோ நீளப் பையின் ஜிப்பை இழுத்தார். ஒன்றின்மேல் ஒன்றா, பக்கத்தில் பக்கத்திலா என்று ஹெய்மோ கழுத்தை நீட்டிப் பார்த்தான். உள்ளேயிருந்து ஒரு மடக்கு நாற்காலி வந்தது. அப்புறம் சாஸேஜ் குத்திச் சுடும் நாலு கம்பிகள்.

நாலு.

அவன் அந்த நாலாவது கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தபோது, இருபது அடி தூரத்தில், புதருக்கு வெளியே, ஒரு முயல் வந்து உட்கார்ந்தது. காதுகளை நிமிர்த்தி நால்வரையும் எண்ணியது. சூலோ ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, தெரிந்தவர்தான் என்பதுபோல மூடிக்கொண்டது.

ஹெய்மோ மெல்லத் துப்பாக்கியை மடிக்கு இழுத்தான். உறையைக் கழற்றினான். துப்பாக்கி வெளியே வந்ததும் ஆர்வியின் கையில் கெண்டி அப்படியே நின்றது. கலேர்வோவின் விரல்கள் நின்றன. மூவரும் முயலைப் பார்க்கவில்லை. ஊரார் முன்னால் வேட்டி அவிழ்ந்தவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்கள்.

முயல் சாவகாசமாக எழுந்து போயிற்று.

என்சியோ ஒரு பெருமூச்சு விட்டார். சாஸேஜ் குத்திய நாலாவது கம்பியை ஹெய்மோவிடம் நீட்டி, ஏழு மாதத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தார்:

"என்னப்பா இப்படி அவசரப்பட்டுட்ட, நாங்க மூணு பேரும் இருபத்திரண்டு வருசமா எதை வாங்கறதுன்னு இன்னும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்."