டெல்பெர்ட்டின் வேர்க்கும் வட்டு

கனடாவின் சாஸ்கட்டூனில் அந்த ஜூன் மாதம் சவரக்கத்திக்கு வேலையே இல்லை. ஊர் அணியான காட்டெருமைகள் பனி ஹாக்கி இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார்கள். கேட்கவா வேண்டும்? சுற்று முடியும்வரை தாடி மழிக்கக் கூடாது என்பது வீரர்களின் வழக்கம். வீரன் மழிக்காவிட்டால் தபால்காரனும் மழிக்க மாட்டான். பல் டாக்டரும் மழிக்கவில்லை, பாதிரியாரும் மழிக்கவில்லை. அணிச்சட்டையைத் துவைத்தால் அதிர்ஷ்டம் சாக்கடையோடு போய்விடுமாம். ஆறு வாரமாகத் துவைக்காத சட்டையில் ஊரே திரிந்தது. பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்கு அடிதடி நடந்தது.

இப்பேர்ப்பட்ட ஊருக்கு ஒரு தீர்க்கதரிசி கிடைக்காமல் போவாரா? கிடைத்தார். பெயர் டெல்பெர்ட் க்வின்லன். எந்தக் காலத்திலோ எந்த ஊருக்கோ கோல் காத்தவராம். எந்த ஊர் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். ஊர் அவரைக் "கோச்" என்று பயபக்தியோடு அழைத்தது. மார்வினின் மதுக்கடையில் மூலை மேசை அவருக்கு. காலடியில் ஒரு நீல ஐஸ் பெட்டி. கையில், பனி ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் கறுப்பு ரப்பர் வட்டு ஒன்று. ஏதோ ஒரு பழைய கோப்பையை வென்று தந்த வட்டு என்பார். அதை உங்கள் உள்ளங்கையில் வைப்பார். ஒரு நிமிடத்தில் வட்டுக்கு வேர்த்தால் நீங்கள் ராசிகெட்டவர். நீங்கள் பார்த்தால் அணி தோற்கும்.

பரிகாரமும் அவரிடமே இருந்தது. கடைசி ஆட்டத்து டிக்கெட்டை போன் வழியாக அவர் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். தோஷத்தைக் கழித்துத் திருப்பித் தருவார். எப்போது? ஆட்டம் முடிந்த பிறகு! பதினோரு பேர் மாற்றிக் கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

பன்னிரண்டாவதாக வந்தவன் ஓரெஸ்ட் ஹ்னாட்யுக், பொட்டாஷ் சுரங்கத் தொழிலாளி. பெயர் எழுதிவைத்துப் பதினோரு ஆண்டு காத்திருந்து, அவனுக்கும் மனைவி வெர்னாவுக்கும் கிடைத்திருந்தன இரண்டு இருக்கைகள். இறுதிச் சுற்றில் இரு அணிகளும் மும்மூன்று ஆட்டம் வென்றிருந்தன. இன்று ஐந்து மணிக்குக் கடைசி ஆட்டம். ஆனால் ஓரெஸ்டுக்கு ஒரு சந்தேகம் நெஞ்சை அரித்தது. ஊர் அணி வென்ற மூன்று நாளும் அவன் சுரங்கத்தில் இருந்தான். தோற்ற மூன்று நாளும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தான்.

"டிக்கெட் இருக்காப்பா?" என்று கனிவாகக் கேட்டார் கோச்.

"ரெண்டு இருக்கு, கோச்."

"கையை நீட்டு."

கம்பளிக் கையுறை போட்ட கையால் பெட்டியிலிருந்து வட்டை எடுத்து வைத்தார்.

"ஜில்லுனு இருக்கே, கோச்!"

"சாபம் பின்ன சுடவா செய்யும்?"

ஆட்டத்துக்கு முன் வட்டை உறையவைப்பார்கள், இல்லாவிட்டால் பந்து மாதிரித் துள்ளும் என்பது அந்த ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பக்தி முற்றிவிட்டால் பால்குடிக்கும் பிள்ளையின் அறிவுகூட மிஞ்சுவதில்லையே! வட்டில் முத்து முத்தாக நீர் அரும்பியது. தாடிக் கூட்டம் "ஐயோ" என்றது. ஓரெஸ்டின் கண்ணும் கலங்கியது. பதினோரு ஆண்டு ஆசை. ஆனால் அணியை விடவா ஆசை பெரிது? கோச் வட்டைப் பெட்டிக்குள் போட்டதும் போனை எடுத்தான்.

"யோவ், அந்தப் பொத்தானை அமுக்கினே, ராத்திரிக்கு உனக்கு வீடு கிடையாது."

வெர்னா ரப்பர் பூட்சோடு நின்றாள். பேட்டைப் பனித்திடலில் பனியைச் சமன்செய்யும் வண்டியை ஓட்டுபவள். வட்டுகளை உறைபெட்டியில் அடுக்குவதும் அவள் வேலைதான்.

"வெர்னா, நான் பாத்தா தோக்குது. நான் பூமிக்கு அடியில இருந்தாத்தான் ஜெயிக்குது."

"நீ அடியில இருந்தப்ப மேல ஊரே பாத்துச்சே! அவங்க கண்ணெல்லாம் கண்ணில்லையா? உன் கண்ணுல மட்டும் என்ன, கொள்ளிக்கட்டையா இருக்கு?" பிறகு கடைக்காரனைப் பார்த்தாள். "மார்வின், உன் கையில வேர்த்துச்சா?"

"இல்லியே. நான் சுத்தமானவன்னு கோச் சொன்னாரு."

"டிக்கெட் வச்சிருக்கியா?"

"எனக்கு ஏது டிக்கெட்?"

"அதான். ஒரு காலித் தட்டு எடு."

மார்வின் தட்டைக் கொண்டுவந்தான். வெர்னா அதைத் துடைத்து மேசையில் வைத்தாள். "கோச் ஐயா, பெட்டியிலேருந்து வட்டை எடுத்து இந்தத் தட்டுல வையுங்க. கை படாம."

"தாயே, நம்பிக்கையைச் சோதிக்கக் கூடாது."

"எம் புருஷனைச் சோதிச்சீங்களே, தட்டைச் சோதிச்சா என்ன?"

தாடிகளும் ஆவலாகிவிட்டன. "வையுங்க கோச்!" என்றன. வேறு வழியில்லாமல் வைத்தார். ஒரு நிமிடம் ஆனது. வட்டு வேர்த்து, தட்டில் குளம் கட்டியது.

"பாவம், தட்டுக்கும் ராசியில்ல," என்றாள் வெர்னா. "இதுவும் டிக்கெட் எடுத்திருக்கும்போல."

"அது எதிரணி ஊருல செஞ்ச தட்டு!" என்று கத்தினார் கோச்.

மார்வின் கவிழ்த்துப் பார்த்தான். "சீனான்னு போட்டிருக்கு."

வெர்னா பெட்டியின் மூடியைத் திறந்தாள். பனிக்கட்டிக்கு நடுவில் இன்னும் மூன்று வட்டுகள் உறைந்து கிடந்தன. "கோப்பை ஜெயிச்ச வட்டு ஒண்ணுதானே? குட்டி போட்டுருச்சா?" கோச்சின் சட்டைப்பையிலிருந்து, டிக்கெட் இல்லாதவர் கையில் வைப்பதற்கான உலர்ந்த வட்டு ஒன்றும் வந்தது. அதை ஓரெஸ்டின் கையில் வைத்தாள். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. கை காய்ந்தே இருந்தது.

ஓரெஸ்டின் முகம் சிவந்தது. கோச்சின் மேல் வந்த கோபத்தை விடத் தன் மேல் வந்த வெட்கம்தான் அதிகம். "பதினோரு டிக்கெட்டையும் இப்பவே திருப்பி அனுப்புறியா, இல்ல உன்னைப் பெட்டிக்குள்ள வச்சு மூடவா?"

தாடிகள் சுற்றி நின்றன. டெல்பெர்ட் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார். வட்டை விட அவருக்குத்தான் அதிகம் வேர்த்தது. கடைசி டிக்கெட் போனதும் பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடினார்.

வெர்னாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. "அந்தச் சட்டையோட என் பக்கத்துல உக்கார விடமாட்டேன்." ஓரெஸ்ட் ஆறு வார அதிர்ஷ்டத்தைச் சோப்புப் போட்டு அலசினான். துவைத்த சட்டையோடு போய், கண்ணை ஒரு முறைகூட மூடாமல் ஆட்டத்தைப் பார்த்தான். காட்டெருமைகள் வென்றார்கள்!

"பாத்தியா வெர்னா, நான் பாத்தும் ஜெயிச்சுட்டாங்க!"

"நீ பாத்ததாலயும் ஜெயிக்கல. பனியில ஓடி ஆடினவன் ஜெயிச்சான். வா."

மறுநாள் மதியம் மார்வின் கடை வாசலில் நீண்ட வரிசை. எதற்கு? தட்டைத் தொட! பீடையைத் தன் மேல் வாங்கிக்கொண்டு அணியைக் காப்பாற்றிய தட்டாம். மார்வின் அதை நீல விளக்குப் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தான். வரிசையில் முதல் ஆள், டிக்கெட் திரும்பக் கிடைத்த பல் டாக்டர்.

இந்த முறை வெர்னாவை முந்திக்கொண்டான் ஓரெஸ்ட். தட்டை இறக்கினான், கிழங்குக் கொழுக்கட்டையான பெரோகியை ஒரு கரண்டி அதில் போடச் சொன்னான், அத்தனை பேர் கண் முன்னால் உட்கார்ந்து தின்று முடித்தான். பிறகு தட்டைத் தேய்த்துக் கழுவி மார்வினிடம் நீட்டினான்.

"தட்டைக் கழுவிட்டேன். மண்டையை அவங்கவங்கதான் கழுவிக்கணும்."