நாலாவது மாடிக்கு ஆள் வந்தாச்சு

லிஃப்ட் கதவு திறந்தபோது மாப்பிள்ளை கண்ணாடி மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, மடித்த அட்டைத் துண்டு ஒன்றை அதன் காலுக்குக் கீழே செருகிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ரயில் போகும்போதும் மேஜைமேல் இருந்த தண்ணீர்த் தம்ளர் தானாக நடந்து விளிம்புவரை போய்க் கீழே எட்டிப் பார்த்தது. அதை நிறுத்தத்தான் அட்டை.

“யாராவது இருக்கீங்களா?”

மாப்பிள்ளை எழுந்தார். மேஜை அவர் தலையில் இடித்தது. வெளியே வந்து பார்த்தால் மூன்று பேர். மூக்குக்கண்ணாடி போட்ட உயரமான ஒரு அம்மாள், டை கட்டிய ஒருவர், கைத்தடியுடன் காது கொஞ்சம் மந்தமான ஒரு பெரியவர்.

“நாலாவது மாடில இடம் இருக்குன்னு சொன்னாங்க. கொஞ்சம் உள்ள வந்து பாக்கலாமா?” என்றார் அந்த அம்மாள்.

மாப்பிள்ளை என்பது அவர் பெயர் இல்லை. மாமனாரின் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள வந்த இந்த ஆறு வருஷத்தில் எலக்ட்ரீஷியன் முதல் தபால்காரர் வரை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். பெற்ற தாயே ஒரு தடவை போனில் வாய்தவறி “எப்படி இருக்கீங்க மாப்பிள்ளை” என்று கேட்டிருந்தார்.

கீழே வாசலில் இருந்த போர்டை எழுதியதும் அவர்தான். ‘நவீன அலுவலகம் வாடகைக்கு. ரயில் நிலையத்திலிருந்து மூன்றே நிமிட நடை. எல்லாத் திசைக்கும் ரயில்.’ ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எல்லாத் திசைக்கும் போகிற ரயில்கள் அத்தனையும் நாலாவது மாடி ஜன்னலை உரசாத குறையாகப் போகின்றன என்பதை எழுத மட்டும் போர்டில் இடம் போதவில்லை.

அந்த மாடி பதினோரு மாதமாகக் காலி. பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. வருவார்கள், உட்காருவார்கள், ஆஹா ஓஹோ என்பார்கள், போனவர்கள் போனவர்கள்தான். அன்று காலையில் மாமனார் போனில் முடிவாகச் சொல்லிவிட்டார்.

“இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நாலாவது மாடிக்கு ஆள் வரலைன்னா, சாவிக்கொத்தைச் சின்னவர்கிட்ட குடுத்துடுங்க மாப்பிள்ளை. அவர் பாத்துக்கட்டும்.”

சின்னவர் என்பது மைத்துனியின் கணவர். மாப்பிள்ளையின் சகலை. சாவி அவர் கைக்குப் போனால் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பதையும் சகலை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்குச் சீட்டுக் கிழிக்கிற வேலை. “உங்க பொறுமைக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கும் அண்ணா” என்று பிள்ளைகளை வைத்துக்கொண்டே சொன்னார்.

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது. ரயில் கால அட்டவணை அவருக்கு மனப்பாடம். அடுத்தது பதினொன்று ஐம்பத்திரண்டு. பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது.

“தாராளமா வாங்க. மொத்த மாடியும் காலி. உங்க இஷ்டம்.”

“ஏசி நல்லா வேலை செய்யுதா?” அந்த அம்மாளின் முதல் கேள்வியே அதுதான்.

“பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்றார் டைக்காரர். “போன் சார்ஜ் போட பாயிண்ட் இருக்கா?”

விவரம் தெரிந்தவர்கள். வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரிய இடம் என்று மாப்பிள்ளை முடிவு கட்டினார். பெரிய இடத்தில்தான் வாடகையைக் கடைசியில் கேட்பார்கள்.

பெரியவர் சோபாவில் சாய்ந்தார். “ரயில் அடிக்கடி வருமோ?”

மாப்பிள்ளை ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார். “ரொம்பக் கம்மி ஐயா. இனிமே ரெண்டு மணிக்கு மேலதான்.”

அம்மாள் டைக்காரரைப் பார்த்தார். “பாத்தீங்களா? நாம விசாரிச்சப்பவும் அப்படித்தானே சொன்னாங்க.”

சொன்ன பொய்க்கு இவ்வளவு சீக்கிரம் சாட்சி கிடைத்தது மாப்பிள்ளையின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. யார் அந்தப் புண்ணியவான் என்று யோசிக்க நேரமில்லை. மணி பதினொன்று ஐம்பது.

“முதல்ல பாத்ரூமைப் பாத்துடலாம் வாங்க. எல்லாரும். ஐயா, நீங்களும்.”

மூன்று பேரையும் உள்ளே தள்ளாத குறையாகக் கொண்டுபோய், கை காயவைக்கும் மெஷின்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். வெளியே ரயில் போயிற்று. உள்ளே புயல் அடித்தது. அம்மாள் சாவகாசமாக முகம் கழுவினார். டைக்காரர் தலை வாரினார். பெரியவர் கைக்குட்டையைத் துவைத்து மெஷினில் காயவைத்து, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“பிரமாதம்” என்றார் பெரியவர். “இப்படி ஒரு வசதியை நான் பாத்ததில்லை.”

அடுத்தது பன்னிரண்டு பத்து. மாப்பிள்ளை மனைவியைப் போனில் கூப்பிட்டார். வீடு இரண்டாவது தெரு.

“சாப்பாட்டுக் கேரியரோட அந்த வாக்குவம் கிளீனரையும் எடுத்துட்டு உடனே வா.”

“எதுக்குங்க? இடம் சுத்தமாத்தானே இருக்கு?”

“சத்தத்துக்கு.”

ஆறு வருஷமாக இப்படிப்பட்ட போன்களைக் கேட்டுப் பழகிய மனைவி மறுபேச்சுப் பேசாமல் வந்தார். சரியாகப் பன்னிரண்டு பத்துக்கு வாக்குவம் கிளீனரைச் சொருகி ஸ்விட்சைத் தட்டினார். ரயில் சத்தத்தை அது அடக்கியது. கூடவே கட்டடத்தின் மின்சாரத்தையும் அடக்கியது. ‘டப்’ என்று ஒரு ஒலி. ஏசி நின்றது, விளக்கு அணைந்தது, லிஃப்ட் நடுவழியில் நின்றது.

“ஐயையோ, ஏசி போச்சா?” அந்த அம்மாளின் முகத்தில் வந்த கவலையைப் பார்த்து மாப்பிள்ளை கலங்கிவிட்டார். “அப்போ நாங்க கிளம்பறோமே.”

“அஞ்சே நிமிஷம் மேடம். ஜன்னலைத் திறக்கறேன். நல்லாக் காத்து வரும்.”

திறந்த பிறகுதான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. பன்னிரண்டு இருபத்து நாலுக்குக் கூட்ஸ் வண்டி. ஒன்றும் செய்வதற்கில்லை. தூரத்தில் உறுமல் ஆரம்பித்தது. நாற்பத்திரண்டு பெட்டி. ஜன்னல் கண்ணாடிகள் பல்லைக் கடித்தன, சுவர் நடுங்கியது. பெரியவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை ஆடினார்.

வண்டி போய் முடிந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். சாவிக்கொத்து போயிற்று. இனி சீட்டுக் கிழிக்க வேண்டியதுதான்.

“தம்பி,” என்றார் பெரியவர், “இது மசாஜ் நாற்காலியா?”

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். பெரியவரின் முகத்தில் அப்படியொரு ஆனந்தம்.

“ஆமாங்க ஐயா,” என்றது மாப்பிள்ளையின் வாய், அவரைக் கேட்காமலே. “நவீன அலுவலகம் இல்லையா?”

“கரண்ட் இல்லாமலே ஓடுதே.”

“பேட்டரி, ஐயா.”

“முதுகுவலி ஒரு மாசமா. இப்ப பாதி போயிடுச்சு. மறுபடி எப்போ ஓடும்?”

“பன்னிரண்டு முப்பத்தாறுக்கு” என்றார் மாப்பிள்ளை. பிறகு சமாளித்துக்கொண்டார். “தானா ஓடும் ஐயா. விட்டு விட்டுத்தான் ஓடும். தொடர்ந்து ஓடினா உடம்புக்கு ஆகாது.”

மனைவி மின்சாரப் பெட்டியைத் தேடிப் போனார். போகிறபோது கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கல்யாணமான நாளிலிருந்து நடந்த எல்லாமே இருந்தது.

பதினோரு மாதமாக ரயில் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு முதல்முறையாக ரயில் வரவேண்டும் என்று வேண்டினார். பன்னிரண்டு முப்பத்தாறு ஆயிற்று. முப்பத்தெட்டு ஆயிற்று. தண்டவாளம் அமைதியாக வெயில் காய்ந்தது. வேண்டாதபோதெல்லாம் நிமிஷம் தவறாமல் வந்த வண்டி அன்று பார்த்துத் தாமதம்.

“ஓடலையே தம்பி?”

“பழைய பேட்டரி, ஐயா. கொஞ்சம் கையால தள்ளிவிட்டா பிடிச்சுக்கும்.”

மாப்பிள்ளை நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று இரண்டு கையாலும் அதைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தார். சட்டை நனைந்தது. பெரியவர் கண்கள் சொருக, “கொஞ்சம் இடது பக்கம்” என்றார்.

அப்போதுதான் படியேறி மூச்சு வாங்க ஒருவர் வந்து நின்றார். கசங்கிய சட்டை, கையில் குடை.

“வாடகைக்குன்னு போர்டு பாத்தேன். நான் பல் டாக்டர். மொத்த மாடியும் வேணும். இன்னிக்கே பேசி முடிச்சுக்கலாம்.”

மாப்பிள்ளை உலுக்குவதை நிறுத்தாமலே வாசல்பக்கம் தலையைக் காட்டி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். “சார், இங்க ரயில் சத்தம் அதிகம். உங்களுக்கு ஒத்துவராது.”

“எனக்கு அதுதான் வேணும். உள்ள ஒருத்தர் கத்தறது வெளிய காத்திருக்கறவங்களுக்குக் கேக்கக் கூடாது பாருங்க.”

ஒரு விநாடி மாப்பிள்ளையின் கை தளர்ந்தது. ஒரு பக்கம் கசங்கிய சட்டை, குடை. இன்னொரு பக்கம் டை, மூக்குக்கண்ணாடி, வாடகையே கேட்காத பெருந்தன்மை. கட்டடத்தின் முகப்பில் பளபளவென்று ஒரு கம்பெனிப் பெயர்ப்பலகையைப் பார்க்கிற சகலையின் முகம் கண்முன் வந்தது. அந்த இடத்தில் ஒரு பெரிய கடைவாய்ப்பல் படத்தையும் வைத்துப் பார்த்தார். சகலை சிரித்தார்.

“மன்னிக்கணும் டாக்டர். இடம் முடிஞ்சிடுச்சு. இவங்கதான் எடுக்கறாங்க.”

பல் டாக்டர் உலுக்கப்படுகிற பெரியவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இறங்கிப் போனார்.

ஒரு மணிக்கு மின்சாரம் வந்தது. ஏசி ஓடியது. அம்மாளின் முகம் மலர்ந்தது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதே, எங்காவது போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று டைக்காரர் பேச்செடுத்ததும் மாப்பிள்ளை பதறினார். வெளியே போனால் எதிர்க் கட்டடத்து ஆள் கொத்திக்கொண்டு போய்விடுவான். அங்கேயும் ‘வாடகைக்கு’ போர்டு தொங்குகிறது.

“எதுக்கு வெளிய போகணும்? இங்கயே சாப்பிடலாம்.”

“அதெல்லாம் நமக்குத்தான் கொண்டுவந்தது” என்று மனைவி கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதோரம் சொன்னார்.

“நமக்குச் சாயங்காலத்துக்கு மேல சாப்பிட நேரம் நிறைய இருக்கும். குடு.”

கண்ணாடி மேஜைமேல் பரிமாறினார்கள். மூவரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். டைக்காரர் போனைச் சார்ஜில் போட்டார். அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். பெரியவர் சோபாவில் படுத்துக் குறட்டை விட, ஒன்று இருபது வண்டி அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று.

“பாரு,” என்று மனைவியிடம் கிசுகிசுத்தார் மாப்பிள்ளை. “சொந்த இடம் மாதிரி நினைச்சுட்டாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?”

“அவங்க என்ன பிசினஸுங்க?”

“பெரிய மனுஷங்ககிட்ட எடுத்தவுடனே அதைக் கேக்கக் கூடாது.”

சரியாக இரண்டு ஐந்துக்கு மூவரும் ஒரே நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார்கள். அம்மாள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களை மாதிரி கவனிப்பு நாங்க எங்கயும் பாத்ததில்லை. அடுத்த வாரம் வரும்போது கண்டிப்பா இங்கதான்.”

“கண்டிப்பா” என்றார் டைக்காரர்.

“அந்த நாற்காலியை யாருக்கும் குடுத்துடாதீங்க தம்பி” என்றார் பெரியவர். லிஃப்டை நம்பாமல் மெதுவாகப் படியிறங்கிப் போனார்கள்.

மாப்பிள்ளை ஜன்னலோரம் வந்து நின்றார். எதிர்க் கட்டடத்தில் ஒருவன் ஏணி வைத்து ‘வாடகைக்கு’ போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். கீழே குடையோடு பல் டாக்டர் நின்று அவனுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாவம், நல்ல மனுஷன், பழைய கட்டடத்தில் மாட்டிக்கொண்டார் என்று மாப்பிள்ளை மனசார வருத்தப்பட்டார். பிறகு மாமனாருக்குப் போன் போட்டார்.

“மாமா, நாலாவது மாடிக்கு ஆள் வந்தாச்சு. அடுத்த வாரம் வர்றாங்க.”

“அப்படிப் போடுங்க மாப்பிள்ளை. சின்னவர் பக்கத்துலதான் இருக்காரு. இருங்க, அவரும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போடறேன். ம், சொல்லுங்க, எந்த கம்பெனி?”

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மூன்றரை அடி தள்ளி நின்ற மனைவி நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் லிஃப்ட் திறந்தது. கையில் நம்பர் பட்டை கட்டிய ரயில்வே போர்ட்டர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“மூணு பேர் இருந்தாங்களே, ஒரு பெரியவரோட?”

“இப்பதான் இறங்கினாங்க. அவங்களை உங்களுக்குத் தெரியுமா?” மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. போனை அப்படியே போர்ட்டரின் வாய்க்கு நேராக நீட்டினார். “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அவங்க எந்த கம்பெனி?”

“கம்பெனியெல்லாம் எனக்குத் தெரியாது மாப்பிள்ளை சார்,” என்றார் போர்ட்டர் சத்தமாகவே. “ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம்ல ஏசி கெட்டுப் போனதுல இருந்து வண்டி லேட்டானவங்களை நான்தானே இங்க அனுப்பிட்டு இருக்கேன், இப்ப நாலு மணி வண்டிக்குப் பதினோரு பேர் கீழ நிக்கறாங்க, மேல வரச் சொல்லட்டுமா?”