கிரிவலப் பாதையில் நான் அள்ளிய குப்பை

பிறருக்குப் புத்தி சொல்லிச் சம்பளம் வாங்க ஆரம்பித்தால், முதலில் காணாமல் போவது நம் சொந்தப் புத்திதான். தொண்ணூறுகளில், திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்தபோது இதைக் கண்டுகொண்டேன்.

வாரம் ஒரு மணி நேரம் சுற்றுச்சூழலும் மனித நேயமும் என் பொறுப்பு. "ஒரு புகார் வந்தாலும் அந்த நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் குடுத்துடுவேம்மா" என்று முதல்வர் எச்சரித்திருந்தார். எனக்கோ அந்த ஒரு மணி நேரம்தான் உயிர். இவருக்குக் காட்டுகிறேன் பார் என்று, ஒரு பௌர்ணமி காலையில் முப்பது மாணவர்களோடு அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையைச் சுத்தம் செய்யக் கிளம்பினேன்.

பிளாஸ்டிக் கவர், டம்ளர் என்று அள்ளிக்கொண்டே போனோம். ஒரு புளியமரத்தடியில் நாற்பது ஜோடி செருப்பு கிடந்தது.

"மிஸ், இதுவுமா?" என்றாள் என் மாணவி குமுதா.

"மக்காத குப்பைதானே? அள்ளு!" (குரலில் என்ன கம்பீரம்!) நகராட்சி டிராக்டர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மலை சுற்றுகிறவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு போவார்கள், சுற்றி முடித்து அதே இடத்துக்குத் திரும்புவார்கள் என்பது இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று மட்டும் மண்டை முழுக்க உபதேசம், வேறெதற்கும் இடமில்லை.

பத்து மணி வெயிலில் கீழ்பென்னாத்தூர்ப் பெண்கள் கூட்டமாகத் திரும்பினார்கள். தார் ரோடு கொதித்தது.

"எம்மா, இங்க வுட்ட செருப்புங்க எங்க?"

சொன்னேன். அப்பப்பா, அந்த வசவு! என் வகுப்பு போயே போச்சு என்று அழுகை முட்டியது.

குமுதா கிட்டே வந்தாள். "அடுத்தவங்க வலிய நம்ம வலியா நெனைக்கணும்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க? கழட்டுங்க."

கழற்றினேன். புத்தம்புது ஹீல்ஸ். அதை மாட்டி நாலடி நடந்த ஓர் அம்மா, "இத்த போட்டுகினு கொல்லையில நடந்தா, மல்லாட்ட போட குழி தானா வுழும்டீ!" என்றார். (மல்லாட்டை, எங்கள் பக்கத்து வேர்க்கடலை.) திட்டிக்கொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

மாணவர்களும் தங்கள் செருப்பைக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்கள் வந்த வேன்களிலேயே அவர்களோடு ஏறிக் குப்பைக் கிடங்குக்கு வந்தார்கள். இரண்டு மணி நேரம் தேடி நாற்பது ஜோடியையும் மீட்டோம். ஒரு செருப்பை எடுக்க நூறு கவரை விலக்க வேண்டியிருந்தது. "இவ்ளோவும் நாம போட்டதா மிஸ்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். மாதக்கணக்கில் நான் கத்தியும் ஏறாதது அன்று ஏறியது.

சேதி கேட்டு முதல்வரே அங்கு வந்துவிட்டார். ஹீல்ஸ் அம்மா முந்திக்கொண்டார்: "பசங்க தங்கம் சார். இந்தப் பாடத்த ஜாஸ்தியா நடத்துங்க. டீச்சரம்மாவுக்கும் சேத்து!"

வகுப்பு பிழைத்தது. அடுத்த பௌர்ணமிக்குக் குமுதாவும் மற்றவர்களும் டோக்கன் கொடுத்துச் செருப்பைப் பாதுகாத்தார்கள். கவர்களை மட்டும் அள்ளினார்கள். வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வந்து அதைத் தொடர்கிறார்கள்.

இன்றும் வீட்டுக்கு யாராவது வந்தால் என் கணவர், "செருப்பக் கையிலயே வச்சிக்குங்க, எங்க வீட்டம்மா சுத்தம் பண்ணிடுவாங்க" என்கிறார். அதே கல்லூரியில் படிக்கும் என் மகள் பௌர்ணமிதோறும் அந்த வேலைக்குக் கிளம்புகிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, நானும் புறப்படுவேன்.

"நீ மட்டும் வேணாம்மா" என்பாள்.