அரைச்சொம்புக்காரரின் எலுமிச்சை

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்த மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. பெண் வீட்டார் என்று என் அம்மா, தங்கை ருக்மணி, நான். இது போக, கத்தரி ஒரு வரிசை, வெண்டை ஒரு வரிசை, மிளகாய் நாற்று, பந்தலில் பீர்க்கை, மூலையில் ஓர் எலுமிச்சை. கடைசியில் சொன்னவர்கள் எல்லாரும் பக்கத்து வீட்டு அரைச்சொம்புக்காரரின் சொந்தங்கள்.

விருந்தாளியைக் கண்டால் அவரைப்போல் சந்தோஷப்பட்ட மனிதர் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே கிடையாது. வந்தவர் காலைத்தான் முதலில் பார்ப்பார். காலில் அழுக்கு அதிகம் என்றால் அவருக்குச் சந்தோஷமும் அதிகம்.

போத்தனூரில் சித்திரை பிறந்தால் எங்கள் தெருக்குழாய் விடிகாலையில் கொஞ்ச நேரம் இருமிவிட்டு நின்றுவிடும். அந்தத் தண்ணீரில்தான் அவர் தோட்டமே பிழைக்க வேண்டும். செடிக்கு அரைச்சொம்பு, தனக்கும் அரைச்சொம்பு என்று ஒரு சட்டம் போட்டிருந்தார். தெரு அவருடைய சொந்தப் பெயரை மறந்தே போனது. ரயில்வேயில் வேலை, தனி ஆள். குடையை மிளகாய் நாற்றுக்கு விரித்துக் கட்டிவிட்டு, தலையில் துண்டோடு வெயிலில் வேலைக்குப் போவார். ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் குழாயில் சொட்டுவதைப் பிடிக்கக் குடத்தோடு போய் நின்றார் என்றும் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

தபால்காரர் வந்தால் போதும். “ஏனுங்க, வெயில்ல வந்திருக்கறீங்க, காலைக் கழுவிட்டுப் போங்க. அங்க இல்லீங்க, வெண்டைக்கு நேத்தே ஆச்சுங்க. அப்புடி கத்தரிப் பக்கம் போங்க.”

ருக்மணியை முதலில் பார்க்க வந்தவர்கள் அவிநாசிக்காரர்கள். எங்களுடையது ஒற்றை அறை வீடு என்பதால் அரைச்சொம்புக்காரர் வீட்டுப் பந்தல் நிழலில் உட்கார வைத்தோம். மாப்பிள்ளையின் மாமாவை அவர் கத்தரிக்கு அனுப்ப, மாமா சேற்றில் வழுக்கிப் பட்டு வேட்டியோடு பாத்திக்குள் உட்கார்ந்தார்.

“ஐயோ, அடி பட்டுப்போச்சுங்களா?” என்று இவர் ஓடினார்.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க.”

“உங்களைக் கேக்கலீங்க. சித்த எந்திரிங்க, அடியில பிஞ்சு இருக்குது.”

சம்பந்தம் அத்தோடு சரி.

ஏழாவதோடு படிப்பை விட்டு மரக்கடைக்குப் போனவன் நான். கவலைப்படுவதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அடுத்து வந்த கோபிச்செட்டிபாளையத்துச் சம்பந்தமும் தட்டிப்போனால் ராசியில்லாத பெண் என்று ருக்குவுக்குப் பெயர் கட்டிவிடுவார்களே என்று சோறு இறங்கவில்லை.

“இந்தத் தடவை வேற எங்கயாச்சும் உக்கார வெப்போம்மா” என்றேன்.

“எங்கடா வெக்கறது? என் தலை மேலயா?” என்றாள் அம்மா.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அரைச்சொம்புக்காரரிடமே போனேன். “அண்ணா, நாளைக்கு மட்டும் வாசக் கல்லு மேலயே கால் கழுவ உட்ருங்க. யாரையும் செடிப் பக்கம் அனுப்பாதீங்க.”

“அங்க கழுவுனா தண்ணி சாக்கடைக்கல்ல கண்ணு போகும்?”

“போனாப் போகட்டுங்க.”

அந்த வார்த்தையை அவர் வீட்டில் வைத்து நான் சொல்லியிருக்கக் கூடாது. நெஞ்சைத் தடவிக்கொண்டார். “செரி, ருக்குவுக்காக” என்றார்.

விடிந்தால், குழாய் இருமக்கூட இல்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் பஜ்ஜிக்கும் காப்பிக்குமே சரியாகப் போயிற்று. மிச்சம் இருந்தது அவர் எலுமிச்சைக்கென்று மூடி வைத்திருந்த இரண்டு குடம். மூன்று வருஷம் வளர்த்து, அந்தக் கோடையில்தான் முதல் முதலாகப் பூத்திருந்த மரம். அடிமண் காய்ந்தால் பூ அத்தனையும் கொட்டிவிடும் என்று, பூத்த நாளிலிருந்து அதற்கு மட்டும் சட்டத்தைத் தளர்த்தியிருந்தார். அந்த இரண்டு குடத்தையும் அவரே சுமந்து வந்து வாசல் கல்லருகே வைத்தார்.

கோபிக்காரர்கள் வந்தார்கள். வாய்க்கால் ஓடுகிற ஊர் அல்லவா, சொம்பின் அருமை அவர்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு காலைக் கழுவினார். திருப்தி இல்லை, மறுபடி கழுவினார். மறு கால், கை, முகம், கழுத்து. வாய் கொப்பளித்தார். அப்புறம் கணவருக்குத் தாராளமாக ஊற்றினார், மகனுக்கும் ஊற்றினார். தண்ணீர் கல்லைத் தாண்டிச் சாக்கடைக்கு ஓடியது.

அரைச்சொம்புக்காரர் கைகட்டி நின்றார். உதடு துடித்தது. இரண்டு கண்ணிலும் நீர் நிரம்பி வழிந்தது. வாயைத் திறந்துவிடுவாரோ என்று அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அந்த அம்மா அவரைப் பார்த்துவிட்டார். “இவரு பொண்ணுக்கு என்ன வேணுமுங்க?”

“பக்கத்து ஊட்டுக்காரருங்க. சின்னதுல இருந்து அவளைத் தூக்கி வளத்துனவரு” என்றேன் அவசரமாக.

அந்த அம்மா தன் கணவர் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா? நாம வந்து கால் வெச்சதுமே, புள்ள போயிருமேன்னு இந்த மனுசன் கண்ணு கலங்கறாரு. அக்கம்பக்கமே இப்படி உருகுதுன்னா அந்தப் புள்ள எப்படிப்பட்டதா இருக்கோணும்!”

ருக்கு காப்பி கொண்டு வருவதற்கு முன்பே முக்கால்வாசி முடிந்துவிட்டது. பஜ்ஜி தீர்வதற்குள் வைகாசி என்று பேசி, பூவும் வைத்துவிட்டுப் போனார்கள்.

சந்தோஷத்தைச் சொல்ல ஓடினேன். அவர் வாசல் கல்லருகே குத்துக்காலிட்டு, குழியில் தேங்கியிருந்த தண்ணீரைத் துண்டால் ஒற்றி ஒற்றிக் குடத்துக்குள் பிழிந்துகொண்டிருந்தார்.

“அண்ணா, எலுமிச்சை…”

“பூவு கொட்டிப்போடும். கெடக்குது, அடுத்த வருசம் பூக்கும்.” துண்டை முறுக்கினார். “அந்தம்மா எத்தனை சொம்பு ஊத்துச்சு பாத்தியா கண்ணு? நெறைஞ்ச தண்ணியில வாழற சனம். நம்ம ருக்கு அங்க போயி குடத்தைத் தூக்கிட்டுக் குழாயடியில நிக்க வேண்டியதில்ல. அது போதும் எனக்கு.”

பெண் பார்க்கும் நாளுக்கென்று வாங்கிய புதுத் துண்டு என் தோளில் கிடந்தது. அதை எடுத்து, அவருக்கு எட்டாத மூலையை நான் ஒற்றினேன்.

“அழுத்திப் புழி கண்ணு, இன்னும் வரும்” என்றார்.

பிழிந்தேன்.