தூய வெள்ளைக் கொலம்பைன் பாதுகாப்புச் சங்கம்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் செய்யாமல் காலத்தை ஓட்டிய குறையை என் அண்ணன்தான் தீர்த்து வைத்தார். பூவுக்குப் பை மாட்டும் முறையை அவர் உலகுக்கு அளித்தார்.

அண்ணன், எங்கள் மேட்டுத் தெருவில் இயங்கும் 'தூய வெள்ளைக் கொலம்பைன் பாதுகாப்புச் சங்க'த்தின் தலைவர். நான் செயலாளர். தம்பி என்பதால் எனக்கு இந்தப் பதவி கிடைத்தது என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். வேறு யாரும் வர மறுத்ததால் கிடைத்தது. அண்ணன் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். ஆகவே தலைவரின் ஒவ்வொரு அசைவையும் பக்கத்திலிருந்து தரிசிக்கும் பேறும் எனக்கு உண்டு.

கொலம்பைன் சாதாரணச் செடி அல்ல. மெல்லிய காம்பின் நுனியில் தலைகவிழ்ந்து தொங்கும் பூ. இதழ்களுக்குப் பின்னால் ஐந்து வால்கள். வால் நுனியில் தேன். விதையைப் போட்டவுடன் முளைத்துவிட அது என்ன கீரையா? சில வாரம் குளிரில் கிடக்க வேண்டும். அதனால் சங்கத்தினர் வீடுகளில் குளிர்பதனப் பெட்டியின் மேல் தட்டு விதைக்கு, கீழே கிடைக்கும் இடம் மனிதர்களின் சாப்பாட்டுக்கு. பிறகு விதையை மண்ணுக்கு மேலேயே வைக்க வேண்டும், மூடினால் கோபித்துக்கொள்ளும். முதல் வருடம் இலை மட்டும் காட்டும். மனது வைத்தால் அடுத்த வருடம் பூ. இவ்வளவு பிகு பண்ணும் ஒன்றை உயர்ந்த பிறவி என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அந்த உயர்ந்த பிறவிக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். பக்கத்தில் வேறு நிறக் கொலம்பைன் இருந்தால் தேனீயைத் தூதுவிட்டு அதனோடு கலந்துவிடும். வெள்ளையிலிருந்து எடுத்த விதையில் ஊதா பூக்கும். எங்கள் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளத் தெரு. அங்கே ஊதாக் கொலம்பைன் யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், படிக்கட்டு இடுக்கிலும் சாக்கடை ஓரத்திலும் செழித்துக் கிடந்தது. அதைப் பார்த்தாலே அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

இது குறித்து அவசரக் கூட்டம் கூடியது.

"தேனீங்களை எப்படித் தடுக்கறது?" என்று ஓய்வுபெற்ற தபால் அதிகாரி கேட்டார்.

"கண்டனத் தீர்மானம் போடலாம்" என்றார் பல் டாக்டர்.

"போட்டா அதுங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சுவர்ல ஒட்டுவோம்."

"அதுங்க படிக்குமா?"

"நம்ம உறுப்பினர்களே படிக்கிறதில்ல. அதுக்காகத் தீர்மானம் போடாம இருக்கோமா?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தேனீக்கள் அன்று மாலையே அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறின. அப்போதுதான் அண்ணனின் மூளையில் 'பைத் திட்டம்' உதித்தது. மொட்டு விரியும் முன்பே ஒவ்வொன்றுக்கும் மெல்லிய துணிப்பை மாட்டிக் கயிறு கட்டிவிட வேண்டும். அந்த வசந்தத்தில் எங்கள் தெரு முழுக்கப் பைகள் பூத்தன. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள்.

"உள்ள இருக்கிற பூ ரொம்ப வெள்ளையா சார்?"

"அப்படி ஒரு வெள்ளை."

"பார்க்கலாமா?"

"பார்க்கக் கூடாது. திறந்தா காத்து பட்டுடும்."

அவர்கள் பையைப் பார்த்துத் தலையாட்டி, பையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

தேனீ வராவிட்டால் விதை சரியாகப் பிடிக்காதே என்ற சிறு சிக்கல் பிறகு தெரிந்தது. அண்ணன் கலங்கவில்லை. தேனீயின் பொறுப்பைத் தாமே ஏற்பதாக அறிவித்தார். படம் வரையும் தூரிகை ஒன்று வாங்கி வந்தார். ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு அடுத்த பூவில் தடவ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கை பழக வேண்டுமே.

"வெள்ளையில ஒத்திகை பார்க்க முடியாது. காம்பு ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றவர், சுவர் வெடிப்பில் எங்கள் பக்கமாகத் தலைநீட்டியிருந்த ஓர் ஊதாக் கொலம்பைனைத் தேர்ந்தெடுத்தார். அதில் நன்றாகத் தொட்டுத் தடவிக் கை பழகினார். பிறகு அதே தூரிகையோடு, அதே சூட்டில், பையைத் திறந்து தூய வெள்ளையிடம் போனார். நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தூரிகையைக் கழுவ வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. தலைவர் செய்வதை எழுதி வைப்பதுதான் செயலாளர் வேலை. தோன்றியதைச் சொல்வது எந்தச் சங்கத்திலும் செயலாளர் வேலை அல்ல.

அந்த வாரமே வீட்டில் இன்னொரு 'கலப்பு விவகாரம்' வெடித்தது. அண்ணனுக்கு ஒரே மகள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. மனிதர்களின் உள்ளே இருப்பதைப் பார்த்துப் பழகியவள், வெளியே இருப்பதை மதிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது நேராகவே பேச்சை எடுத்தாள்.

"அப்பா, நான் கண்ணாடிக் கடைக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

"எந்தக் கண்ணாடிக் கடை?"

"உங்க மூக்குமேல இருக்கே, அதைச் செஞ்சு குடுத்தவர்தான். பள்ளத் தெரு."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கொள்கைக்காகப் பதவியைத் துறந்தவர்கள் உண்டு. பார்வையைத் துறந்தவர் என் அண்ணன் ஒருவர்தான். அன்றிலிருந்து சங்கத் தீர்மானங்களில் அவர் உத்தேசமாகத்தான் கையெழுத்துப் போடுகிறார்.

"அந்தப் பையன்கிட்ட என்னங்க குறை?" என்று அண்ணி கேட்டார்.

"குறை ஒண்ணும் இல்ல. நல்ல பையன்தான். தெருதான் சரியில்ல."

"தெருவை அவரா போட்டார்?" என்றாள் மகள்.

"நம்ம வெள்ளையைப் பாரு. எத்தனை தலைமுறையாக் கலக்காமக் காப்பாத்திட்டு வர்றோம்."

"பார்த்துட்டுதாம்பா இருக்கேன். வருஷா வருஷம் குட்டையாகிட்டே வருது."

பதில் இல்லாத இடத்தில் விதி போடுவது தலைவர்களின் இலக்கணம். அவள் பெட்டியோடு வாசலைத் தாண்டிய அன்று அவர் வீட்டுக்கு ஒரு விதி போட்டார். "இனிமே இந்த வீட்ல அவ பேரை யாரும் சொல்லக் கூடாது."

அவள் கல்யாணம் செய்துகொண்டு போன தூரத்தைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள். எங்கள் தோட்டத்துச் சுவருக்கு நேர் பின்னால், பள்ளத் தெருவில், கண்ணாடிக்காரர் வீடு. யாராவது விசாரித்தால் அண்ணன், "வெளியூர்ல இருக்கா" என்பார்.

விதியை எல்லோரும் கடைப்பிடித்தோம். அண்ணிக்குத்தான் கொஞ்சம் சிரமம். ஏதோ வேலையாக உள்ளே பார்த்துக் கூப்பிட வாயெடுப்பார், பாதியில் நிறுத்திக்கொள்வார். சாப்பாட்டுத் தட்டு ஒன்று கூடுதலாக வைத்துவிட்டு, அண்ணன் வருவதற்குள் அவசரமாக எடுப்பார். பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மறு வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை அழும் சத்தம் கேட்டது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணி, ஈரத்துணி கையிலிருக்க அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்க, பேத்தியை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேனே."

"எந்தப் பேத்தி?"

"அழுதுட்டிருக்காளே, கேக்கலையா?"

"அது பள்ளத் தெரு சத்தம். நம்ம தெருவுக்குக் கேக்காது" என்றார் அண்ணன்.

அண்ணி மீதித் துணியைக் காயப்போட்டார். அவருக்கு வேண்டியதெல்லாம் மகளோடு நாலு வார்த்தை. அதற்குச் சங்கமும் குடும்பமும் அனுமதி தரவில்லை. இப்படி ஒழுக்கமாக நடக்கும் வீட்டை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

தூரிகை தொட்ட விதைகள் முளைத்து, ஒரு வருடம் இலையாய் நின்று, அடுத்த வசந்தத்தில் மொட்டு விட்டன. நடுவர் தோட்டம் தோட்டமாக வந்து பார்த்துப் பரிசு தரும் மலர்க் கண்காட்சி நெருங்கிய நேரம். வழக்கமான வெள்ளைகள் வழக்கம்போல் சோகையாகப் பூத்தன. இரண்டு செடிகள் பூப்பதே வீண் என்று முடிவெடுத்துப் படுத்துவிட்டன. சுவரோரம் ஒன்று மட்டும் இடுப்பளவு வளர்ந்து, தடித்த காம்பில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. வெள்ளைப் பாவாடை, ஊதா வால்கள். கண்ணாடி இல்லாத அண்ணனுக்கே அந்த ஊதா தெரிந்தது.

விசாரணைக் கூட்டம் செடியைச் சுற்றியே நடந்தது.

"தேனீ பைக்குள்ள புகுந்திருக்கு" என்றார் தபால் அதிகாரி.

"பள்ளத் தெருக்காரங்க சுவரேறி வந்து பூவைத் தொட்டிருப்பாங்க" என்றார் பல் டாக்டர்.

"எதுக்கு?"

"பொறாமை."

"அவங்ககிட்டதான் இதைவிட நல்லாப் பூக்குதே?"

"அந்தத் திமிர்லதான் தொட்டிருப்பாங்க."

செடியை உடனடியாகப் பிடுங்குவது என்று முடிவாகி, அண்ணன் குனிந்து காம்பைப் பிடித்த நேரத்தில் கண்காட்சியின் நடுவர் வந்து சேர்ந்தார். தோட்டக்கலைக் கல்லூரிப் பேராசிரியை. சொன்ன நேரத்துக்கு முன்னால் வருகிற கெட்ட பழக்கம் உள்ளவர்.

"கையை எடுங்க சார்" என்றார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு பூவை நிமிர்த்திப் பார்த்தார். "இதுக்குத்தான் முதல் பரிசு. மத்ததையெல்லாம் பார்க்கவே வேண்டாம்."

சங்கம் மூச்சுவிட மறந்தது.

"உங்க வெள்ளையெல்லாம் தனக்குள்ளயே கலந்து கலந்து சக்தி போய்க் கிடக்கு. வேற ரத்தம் சேர்ந்ததாலதான் இதுக்கு இந்த வலு. யாரு சார் கலந்தது?"

எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். அண்ணன் காம்பிலிருந்து கையை எடுத்து, அதே கையால் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"நான்தான்" என்றார்.

அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை. அது உண்மை என்பது அவருக்கே தெரியாது.

பரிசளிப்பு மேடையில் அண்ணன் ஆற்றிய உரை சங்க வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. "கலப்புதான் வளர்ச்சி. சுவர் எதுக்கு? ரெண்டு பக்கத்து நல்லதும் ஒண்ணா சேரணும். அதைத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டு வர்றேன்" என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. சங்கத்தின் நோக்கம் அங்கேயே 'தூய கலப்பு' என்று திருத்தப்பட்டது. முன்வரிசையில் இருந்த அண்ணி மட்டும் கைதட்டவில்லை. அவர் எழுந்து நின்று, மேடையிலிருந்து இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

புது ரகம் என்றால் அதற்கொரு பெயர் வேண்டும் என்றார் நடுவர். அண்ணன் கண்ணை மூடி யோசித்தார். பிறகு மகளின் பெயரைச் சொன்னார்.

"அழகான பேரா இருக்கே. யாரோடது சார்?"

"யாரோடதும் இல்லைங்க. வீட்ல சும்மா கிடந்தது."

மறுநாள் காலை சுவரோரச் செடிக்கு முன்னால் அந்தப் பெயர் எழுதிய பலகை ஏறியது. அண்ணன் பூவாளியோடு நின்றார். அண்ணி சமையலறையிலிருந்து இறங்கி வந்து பலகையைப் படித்தார்.

"ஏங்க, இனிமே இந்தப் பேரைச் சொல்லலாமா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். விதிக்கு உட்பட்டே எதையும் செய்பவர் அவர். "செடியைக் கூப்பிடறதுன்னா தாராளமா சொல்லு."

அண்ணி செடியருகே போனார். இரண்டு வருடமாகத் தொண்டையில் தேங்கிக் கிடந்த பெயரைச் சுவர் அதிரும்படி சொல்லிக் கூப்பிட்டார். பிறகு கேட்டார்: "சாப்பிட்டியாடி? காய்ச்சல்னு சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சே, குழந்தைக்கு விட்டுச்சா?"

செடிக்குப் பின்னாலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கமாக, உடைந்த குரல் ஒன்று வந்தது.

"விட்டுடுச்சும்மா. இப்பதான் பால் குடிச்சுட்டுத் தூங்கறா. அப்பா நல்லா இருக்காரா?"

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் கையிலிருந்த பூவாளி சாய்ந்து, தண்ணீர் அவர் செருப்பின்மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அது முழுக்க ஒழுகித் தீர்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எழுதிக்கோ. நம்ம கொலம்பைன் பேசுது."

எழுதிக்கொண்டேன். என் அண்ணன் எவ்வளவு விசாலமான மனம் படைத்தவர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். செடி வாய் திறந்து தன்னை நலம் விசாரித்தது என்பதை அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். மகள் விசாரித்தாள் என்று ஒப்புக்கொள்வதற்குத்தான் அவரிடம் விதி இல்லை.